முழம் போடும் கை

காட்டுப்பள்ளியில் பூ விற்கிறேன். அந்தப் பூவில் ஒன்றுகூட காட்டுப்பள்ளியில் பூத்ததில்லை. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும், இடையில் மணல். இங்கே தானாக வளர்வது அடும்பங்கொடியும் தாழையும் பனையும்தான். ஆசைக்கு ஒரு மல்லிப் பதியன் கொண்டுவந்து வைத்தவர்களைக் கேளுங்கள், உப்புக்காற்றில் இலையோரம் எவ்வளவு சீக்கிரம் கருகும் என்று சொல்வார்கள். அதனால் எனக்கு மல்லி பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறது. அங்கே வரத்து குறைந்தால் திண்டுக்கல், மதுரை. சாமந்தியும் ரோஜாவும் கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து. சம்பங்கி சத்தியமங்கலத்திலிருந்து. எல்லாம் கோயம்பேட்டில் வந்து இறங்கும். மீஞ்சூரில் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போய் வாங்கி, மூட்டையோடு திரும்பி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் துறைமுகச் சாலை முனைக்கு வந்து உட்காருவேன்.

என் தாய்வீடு திருவொற்றியூர் தேரடி. அம்மா அங்கே கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கூடையும் பலகையும் போட்டுப் பூ விற்றவர். 1996-ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் பாரிமுனை பத்ரியன் தெருவை அவர் லேசில் விடவில்லை. பூ கட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். நான் வாழ்க்கைப்பட்டு வந்தது பழைய காட்டுப்பள்ளிக் குப்பத்துக்கு. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். ஒரு நாள் போனவர் திரும்பவில்லை. அதன் பிறகு கொஞ்ச காலம் தேரடியில் அம்மாவின் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டினேன். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டேன்.

வந்தபோது இங்கே பூ வாங்க ஆள் குறைவு. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. இன்றைக்கு அதன் பெயர் காமராசர் துறைமுகம். 2010-ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதை அடுத்துக் கப்பல் கட்டும் தளம் வந்தது. பழைய குப்பத்தை இடம் மாற்றினார்கள். 2013-ல் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல்கள் வரத் தொடங்கின. 2018-ல் அது கைமாறியது. சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க ஆரம்பித்ததும் டீக்கடை வந்தது, பரோட்டாக் கடை வந்தது, பஞ்சர் கடை வந்தது. நானும் என் பலகையைப் போட்டேன்.

முதலில் கட்டுகிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். பூவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை.

மல்லியை விடிவதற்கு முன்னால் மொட்டாகப் பறிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தரம் போய்விடும். அன்று பறித்த மொட்டு அன்று மாலை ஏழு மணி வாக்கில் மலரும். மலர்ந்த மல்லியைக் கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. ஆக, பறித்ததிலிருந்து மலர்வது வரைக்கும் உள்ள அந்த ஒரு பகல்தான் என் முழு வியாபார நேரம். ஈரத் துணி போர்த்தி நிழலில் வைத்தால் மலர்வது கொஞ்சம் தள்ளிப்போகும். தண்ணீர் அதிகம் தெளித்தால் காம்பு அழுகி மொட்டு பழுப்பாகிவிடும். கையை உள்ளே விட்டுப் பார்த்தாலே தெரியும், பூ மூச்சு முட்டுகிறதா இல்லையா என்று.

அம்மா காலத்தில் வாழைநார். முதல் நாளே ஊறவைத்து, நகத்தால் மெல்லியதாகக் கிழித்து, முடிச்சுப் போட்டு நீளமாக்கிக்கொள்வார்கள். இப்போது பெரும்பாலும் நூல். நார் பூவை அறுக்காது, நூல் கொஞ்சம் அறுக்கும். அதனால் நூலில் கட்டும்போது கை இளக வேண்டும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. இடது கைப் பெருவிரல் அழுத்திப் பிடிக்க, வலது கை நூலைச் சுற்றி ஒரு சுருக்குப் போட்டு இழுக்கும். அதிகம் இழுத்தால் காம்பு நசுங்கி, தலையில் வைத்த அரைமணியில் மொட்டு தொங்கும். இழுக்காமல் விட்டால் பஸ் குலுக்கலில் உதிரும். சரியான இழுப்பு எது என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். கடைசியில் அவளே கண்ணை மூடிக்கொண்டு கட்டிக் கட்டித்தான் கற்றுக்கொண்டாள்.

கனகாம்பரத்துக்கு வேறு கை வேண்டும். இதழ் பட்டுபோல இருக்கும், வாசனை கிடையாது, ஆனால் இரண்டு நாள் நிறம் மாறாமல் நிற்கும். சம்பங்கியைக் காம்பில் கட்ட முடியாது, ஊசியில் கோர்க்க வேண்டும். கதம்பம் கட்டுகிறவள்தான் உண்மையான வேலைக்காரி என்று அம்மா சொல்வார். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து, அரளி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிப்பு. நூல் எல்லாவற்றுக்கும் ஒரே இழுப்பில் போக வேண்டும். இப்போது மல்லியில் பச்சை, நீலம் என்று சாயம் முக்கி விற்கிறார்கள். நான் அதைத் தொடுவதில்லை. புடவைக்குப் பொருத்தமாக வேண்டுமென்றால் பொருத்தமான பூவைத் தேடிக் கொண்டுவரலாம். பூவைக் கெடுக்கக் கூடாது.

காலையில் முதல் போணி பெரும்பாலும் லாரி டிரைவர்கள். கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கும் சாமி படத்துக்கு ஒரு முழம். எந்தச் சாமி என்று நான் கேட்பதில்லை. வண்டி நம்பர் பலகையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நாமக்கல் டிரைவருக்கு மல்லி போதும். பீகார், உத்தரப் பிரதேசப் பையன்கள் மல்லியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "கேந்தா, கேந்தா" என்று செண்டுமல்லியைக் காட்டுவார்கள். செப்டம்பர் 17-ஆம் தேதி விஸ்வகர்மா பூஜை. ஒடிசா, வங்காளம், பீகாரிலிருந்து வந்து வெல்டிங் வேலை பார்க்கிற பிள்ளைகள் அன்றைக்குத் தங்கள் மெஷினுக்கெல்லாம் மாலை போடுவார்கள். அதற்கு முந்தின நாள் என் மூட்டை முழுக்கச் செண்டுமல்லிதான். அடுத்துக் கொஞ்ச நாளில் நம்ம ஆயுத பூஜை. அதற்குச் சாமந்தி, வாழைக்கன்று, பூசணிக்காய். ஒரே கிரேனுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு முறை மாலை விழும்.

நம்ம ஊரில் செண்டுமல்லியை எந்தப் பெண்ணும் தலையில் வைக்க மாட்டாள். வாசல் தோரணத்துக்கு வாங்குவோம், வண்டிக்கு வாங்குவோம், சாவு மாலைக்கு ஓரமாகச் சேர்ப்போம். வடக்கத்திப் பிள்ளைகளுக்கோ அதுதான் கல்யாண மாலை. அந்தச் செடியின் தாயகம் மெக்சிகோ என்று மகள் படித்துச் சொன்னாள். அங்கே நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைக்கும் நாளில் கல்லறை மேலும் வீட்டு வாசலிலும் இந்தப் பூவைக் குவிப்பார்களாம், செத்துப் போனவர்கள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள் என்ற நம்பிக்கையில். அதே நவம்பர் 2-ஆம் தேதி இங்கே கல்லறைத் திருநாள். காசிமேடு கல்லறைக்குப் போகிற ராயபுரத்து ஜனங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அவர்கள் கேட்டது வெள்ளைச் சாமந்தி, சம்பங்கி, ரோஜா. மாதம் ஒன்று, காரியமும் ஒன்று, பூ மட்டும் வேறு. மெக்சிகோவில் இறந்தவனை அழைக்கிற பூ, பீகாரில் மணப்பெண்ணின் கழுத்தில்.

மல்லிக்கும் அப்படி ஒரு கதை என் பலகையிலேயே நடந்தது. கப்பல்களுக்கு அரிசி, காய்கறி சப்ளை செய்கிற ஒரு தம்பி, கரைக்கு இறங்க அனுமதி வாங்கியிருந்த பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவரை ஆட்டோவில் மீஞ்சூருக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். என் கூடையைப் பார்த்ததும் அந்த மனுஷர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். மொட்டுகளைக் கையில் அள்ளி மோந்து பார்த்து, "சம்பகீத்தா" என்றார். குண்டுமல்லிதான் அவர்கள் நாட்டின் தேசிய மலராம். 1934 முதல் அப்படி. மணிலாவில் கோயில் வாசலிலும் சிக்னலிலும் சின்னப் பிள்ளைகள் இதைச் சரமாகக் கோர்த்து விற்பார்களாம். அவருடைய அம்மாவும் கோர்ப்பாராம். தம்பி பாதி இங்கிலீஷிலும் பாதி கையிலுமாக எனக்கு விளக்கினார். நான் கட்டுவதைப் பார்த்துவிட்டு, தாங்கள் ஊசியில்தான் கோர்ப்போம், இப்படி முடிச்சுப் போடத் தெரியாது என்று சைகையில் காட்டினார். அங்கே அதை மாதா சுரூபத்துக்குப் போடுவார்கள், விருந்தாளிக்குப் போடுவார்கள். பெண்கள் தலையில் நம்மைப்போல் அன்றாடம் வைப்பதில்லை. ஒரு முழம் வாங்கிக்கொண்டார். காசு வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கப்பலில் தன் கட்டிலுக்கு மேலே கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

எல்லாக் கரையிலும் மல்லி இறங்கிவிட முடியாது என்பதும் இங்கே வந்துதான் தெரிந்தது. 2025 செப்டம்பரில் மலையாள நடிகை நவ்யா நாயர் தலையில் வைக்கவென்று கைப்பையில் கொண்டுபோன பதினைந்து சென்டிமீட்டர் மல்லிச் சரத்துக்காக மெல்போர்ன் விமான நிலையத்தில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டார்கள். செடி, விதை, பூ எதுவும் நோயைக் கொண்டுவந்துவிடலாம் என்பதால் ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு சட்டம். விவசாயத்தைக் காப்பாற்றத்தான் செய்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தச் செய்தி வந்த அன்று என் பலகைக்கு வந்த பெண்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். அவர்களுக்குப் பயிர் நோய் பெரிதாகப் படவில்லை. ஒரு பொம்பளை தலையில் வைக்கிற பூவுக்கு அபராதம் போடுவார்களா என்பதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

சாவுக்கு மாலை வாங்க வருகிறவர்களை நாங்கள் பார்த்த உடனே தெரிந்துகொள்வோம். பேரம் பேச மாட்டார்கள், நாங்களும் விலை ஏற்றிச் சொல்ல மாட்டோம். மாலையைக் கொடுத்த பிறகு "போய்ட்டு வாங்க" என்று சொல்லக் கூடாது. வடசென்னையில் சாவு ஊர்வலத்தில் தெரு முழுக்கப் பூவை இறைத்துக்கொண்டு போவார்கள். பூப்பல்லக்கு ஜோடிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு முழம் பூ வாங்கிக் கொடுக்காத மனுஷன், பெண்டாட்டி செத்த அன்றைக்குக் கூடை கூடையாக வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்ததில்லை. வேறு எதைக் கொண்டுபோய்ப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 26 இந்தக் கரைக்கு வேறு மாதிரி நாள். 2004 சுனாமிக்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் காசிமேட்டிலும் மற்றக் குப்பங்களிலும் கடலில் பாலை ஊற்றிப் பூத்தூவுகிறார்கள். அன்றைக்கு யாரும் கட்டின பூ கேட்பதில்லை, உதிரியாகவே வாங்குவார்கள். மார்கழிக் குளிரில் மல்லி வரத்தும் இருக்காது, விலை எட்டாது. பெரும்பாலும் ரோஜா இதழும் சாமந்தியும்தான். சோறு போடுகிற கடல், ஆளையும் எடுத்துக்கொண்ட கடல். அதற்குப் பூப்போடுவது நன்றிக்கா, கோபத்தைத் தணிப்பதற்கா என்று ஒரு நிருபர் என்னிடம் கேட்டார். போடுகிறவளைத்தான் கேட்க வேண்டும், ஒவ்வொருத்திக்கும் ஒன்று இருக்கும் என்றேன்.

பூவுக்கு நாம் பொருள் வைக்கும் விதத்தை நான் புரிந்துகொண்டது பூப்போட்டுப் பார்க்க வருகிறவர்களிடமிருந்துதான். பெண்ணுக்கு இந்த இடத்தை முடிக்கலாமா, இருக்கிற நகையை வைத்து ஃபைபர் படகு வாங்கலாமா என்று முடிவு எடுக்க முடியாதபோது குப்பத்தில் அம்மன் முன்னால் பூக்கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக ஒரே அளவில் இலையில் பொட்டலம் கட்டிப் போட்டுவிட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி என்று ஒரு வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த வீட்டில் சிவப்பு வந்தால்தான் அம்மன் சம்மதம். எது சம்மதம் என்பதைப் பூவைப் போடுவதற்கு முன்னால் அவர்களே பேசி முடிவு செய்து, சாமியிடம் சத்தமாகச் சொல்வார்கள். அதன் பிறகுதான் குழந்தையின் கை நீளும். நான் இரண்டு பூவையும் ஒரே கூடையிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறேன். என்னிடமிருந்து போகும்போது அவற்றில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

இதை நான் நம்பிக்கையைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. நானும் பூக்கேட்டவள்தான். காட்டுப்பள்ளிக்கே திரும்புவதா, தேரடியிலேயே இருந்துவிடுவதா என்று அம்மன் முன்னால் பொட்டலம் போட்டுத்தான் முடிவு செய்தேன். மனுஷனுக்குத் தாங்க முடியாத ஒரு முடிவைத் தாங்கிக்கொள்ளப் பூ வேண்டியிருக்கிறது. வேறெந்தப் பொருளுக்கும் அந்தக் கனத்தைச் சுமக்கிற மென்மை கிடையாது என்று நம் முன்னோர் எப்படியோ கண்டுகொண்டார்கள்.

பத்தாம் வகுப்பில் தமிழ் ஐயா பாடம் நடத்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நிலத்துக்கே பூவின் பெயரை வைத்தவர்கள் நாம். மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல். ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடுவான், மீட்கப் போகிறவன் கரந்தை சூடுவான், ஜெயித்தவன் வாகை சூடுவான். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். என் கூடையில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வகை இருந்தால் அதிகம். அந்தக் காலத்தில் ஆண்களும் சூடினார்கள் என்று ஐயா சொன்னபோது வகுப்பில் பையன்கள் சிரித்தார்கள். இன்றைக்கும் கூட்டத்தில் தலைவருக்குக் கிரேன் வைத்துத் தூக்கிப் போடுகிறார்களே, அந்த மாலை எங்கேயிருந்து வந்தது? அதில் எனக்கு வருத்தம் உண்டு. அத்தனை பேர் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கட்டுகிற மாலை கழுத்தில் விழுந்து ஒரு நிமிஷம்கூட இருக்காது. அப்புறம் கூட்டம் இதழைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் நிலம் நெய்தல். இந்த மண்ணின் பூவை யாரும் என்னிடம் கேட்பதில்லை. அம்மா காலத்தில் எண்ணூர்ப் பக்கத்துத் தாழங்காட்டிலிருந்து மடலோடு தாழம்பூவை வெட்டி, துணியில் சுற்றித் தேரடிக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இலை ஓரமெல்லாம் முள். பாம்பு இருக்கும் என்று குச்சியால் தட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கல்யாணப் பெண்ணின் ஜடையில் வைத்துத் தைக்க அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. வாடிய மடலைப் புடவை மடிப்பில் வைப்பார்கள். சிவன் முடியைப் பார்த்ததாகப் பிரம்மனுக்காகப் பொய் சாட்சி சொன்ன பூ என்பதால் சிவபூஜைக்கு அது ஆகாது. கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டு சாமிக்கு ஆகாத பூவை மணப்பெண்ணுக்கு விற்பதில் அம்மாவுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. இப்போது அந்தத் தாழங்காடு சாலையாகவும் குழாய்ப் பாதையாகவும் சாம்பல் மேடாகவும் போய்விட்டது. மிச்சமிருக்கும் மணல்மேட்டில் அடும்பு மட்டும் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கிறது. அது மணலைப் பிடித்து வைத்திருக்கும் கொடி. அதைப் பறிக்காமல் விடுவதே நல்லது.

திருவொற்றியூரில் பூக்கட்டுகிறவர்களுக்கு ஒரு பெரிய மனுஷி இருக்கிறாள். சங்கிலி நாச்சியார். மீஞ்சூருக்கும் சோழவரத்துக்கும் இடையில் இருக்கிற ஞாயிறு கிராமத்துப் பெண். அங்கே இன்றைக்கும் சிவனுக்குப் புஷ்பரதேஸ்வரர் என்றுதான் பெயர். கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றியூருக்கு வந்து, கன்னிமாடத்தில் தங்கி, தியாகராசருக்குப் பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவளைச் சுந்தரர் பார்த்து ஆசைப்பட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்கிறார். உன்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தது கோயில் மகிழமரத்தடியில். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அதை இன்றும் நடத்துகிறார்கள். மகிழம்பூவை மரத்திலிருந்து பறிப்பதில்லை. உதிர்ந்ததைப் பொறுக்கி, நடுவில் இருக்கும் துளையில் நார் விட்டுக் கோர்ப்போம். காய்ந்து கறுத்த பிறகும் வாசனை போகாது. சின்ன வயதில் அதைப் பொறுக்கிக்கொண்டே நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், சுந்தரர் போன பிறகு சங்கிலி என்ன செய்தாள் என்று. "இன்னா செய்வா? மறுநா காலைல சாமிக்குப் பூக்கட்டிருப்பா" என்றார்.

அதைச் சொன்ன அம்மாதான், நான் தாலி இல்லாமல் தேரடிக்குத் திரும்பி வேலைக்கு உட்கார்ந்த முதல் நாள், கட்டி முடித்த சரத்தில் ஒரு சாண் கிள்ளி என் தலையில் வைத்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். தெருவே பார்க்கிறது என்றேன். "பாக்கட்டும்டீ. நாள் பூரா பூவ தொடற கை. தலைக்கு மட்டும் இன்னா தீட்டு?" என்றார். பக்கத்துப் பலகைக்காரிகள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பழகிவிட்டார்கள்.

வெளியில் பழகவில்லை. கல்யாண மாலைக்கு என்னிடம் ஆர்டர் கொடுப்பார்கள். மாப்பிள்ளை மாலை, பெண் மாலை, மாற்று மாலை, ஜடை, நெற்றிச் சரம் எல்லாம் என் கையால் கட்டி, ஈரத் துணி போர்த்திக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மண்டபத்து வாசலில் கூடையை வாங்கிக்கொண்டு, "நீ இப்டி ஓரமா சாப்ட்டுட்டு போ யக்கா" என்பார்கள். நான் கட்டிய மாலை மணவறைக்குப் போகும், நான் போகக் கூடாது. என் கையில் இருக்கும் துக்கம் மாலையில் ஒட்டவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு என்மேல் மட்டும் அது எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும்?

பெண் குழந்தைக்கு முடி வளர்ந்த நாளிலிருந்து தாய் பூவைக்கிறாள். வயசுக்கு வந்தால் பூவைக்கிறோம், நிச்சயத்துக்குப் பூ முடிக்கிறோம், வயிற்றில் பிள்ளை இருந்தால் பூச்சூட்டல் வைக்கிறோம். தாலிக்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே வந்த பூ, தாலியோடு போக வேண்டும் என்று யாரோ ஒரு காலத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். பொட்டலம் போடுவதற்கு முன்னால் வெள்ளையா சிவப்பா என்று பேசி வைத்துக்கொள்கிற மாதிரிதான் இதுவும். பேசி வைத்தவர்கள் நாம். மாற்றிப் பேசவும் நம்மால் முடியும்.

துறைமுகத்தில் சுத்தம் செய்கிற ஒப்பந்த வேலைக்கு வருகிற ஒரு பெண் தினமும் மாலை பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் அரை முழம் வாங்குவாள். சின்ன வயசு. நெற்றியில் பொட்டு இருக்காது. "சாமி படத்துக்குக்கா" என்பாள். சாமிக்கு வாங்குகிறவர்கள் மோந்து பார்க்க மாட்டார்கள். மோந்த பூ சாமிக்கு ஆகாது. அவள் இலைப் பொட்டலத்தை மூக்கருகே வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறுவாள். பல மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பொட்டலம் கட்டாமல், அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஹேர்பின் குத்தித் தலையிலேயே வைத்துவிட்டேன். அவள் எடுக்கவில்லை. பஸ்ஸில் இருந்த பெண்கள் பார்த்தார்கள், ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். பஸ் மீஞ்சூர் போய்ச் சேர்கிற நேரம் மல்லி மலர ஆரம்பிக்கிற நேரம். மறுநாள் வந்தவள் அரை முழம் கேட்கவில்லை, ஒரு முழம் கேட்டாள். இப்போது பொட்டும் வைக்கிறாள்.

சில இடங்களில் ஊரே கூடி மாற்றியிருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமப் பஞ்சாயத்து 2022 மே மாதம், கணவன் இறந்தால் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது, தாலியை அறுப்பது எதுவும் இனி இந்த ஊரில் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகு மகாராஷ்டிர அரசே மற்றக் கிராமங்களையும் அப்படிச் செய்யச் சொன்னது. இங்கே 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், ஈரோடு மாவட்டக் கோயில் ஒன்றில் கைம்பெண் வரக் கூடாது என்று தடுத்த வழக்கில், இதெல்லாம் நாகரிகச் சமூகத்தில் நடக்கக் கூடாது என்று கண்டித்துச் சொன்னது. கோர்ட் வாசலைத் திறந்துவிடலாம். தலையில் பூவைக்கிறதுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களின் கை வேண்டும்.

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். விசேஷத்துக்குப் பூ ஆர்டர் கொடுக்கும்போது தாம்பூலத் தட்டுக்கு எத்தனை முழம் என்று எண்ணித்தான் என்னிடம் சொல்வீர்கள். அந்தக் கணக்கில் கணவனை இழந்த அத்தையையும் சித்தியையும் அக்காவையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டுமா என்று அவர்களைக் கேட்காதீர்கள், கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். தட்டில் மற்றவர்களுக்கு வைக்கிற அதே பூவை வைத்து, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே வரிசையில் கொடுங்கள்.